அம்மாவின் விரல் ஏன் சுவரைத் தேடுகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. 16 வருடமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் கொல்லைப்பக்கம் போனவர் தடுமாறி விழுந்தார். இரண்டு மாதம் முன்பு குளியலறையில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் சாய்ந்து, மணிக்கட்டு எலும்பில் விரிசல். மூளைக்கு ஸ்கேன் எடுத்தோம், காது டாக்டரிடமும் காட்டினோம். எல்லாம் நார்மல், வயதானால் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது காலை அகட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக, ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் நடக்கிறார். காலில் இருந்து செருப்பு நழுவிப் போனாலும் தெரிவதில்லை. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். கும்பகோணத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு, அறைக்கு அறை நிலைப்படி. தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்வருவார், அதுவும் நின்றுபோயிற்று. சென்னையில் இருக்கும் அண்ணன் வாக்கர் வாங்கி அனுப்பிவிட்டு, "அம்மா இனி கட்டிலை விட்டு இறங்க வேண்டாம், ஆள் போட்டுவிடலாம்" என்கிறார். கம்ப்யூட்டர் மூலம் நடையைப் பரிசோதிக்கிற ஓர் இடத்தின் விளம்பரம் பார்த்தேன். பெரிய தொகை கேட்கிறார்கள். அது தேவையா? அம்மாவை நடக்க விடலாமா, கூடாதா? கைத்தடி வாங்கலாம் என்றால், "நான் என்ன கிழவியா?" என்று கோபப்படுகிறார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்கேன், காது என்று நீங்கள் எழுதியதை எல்லாம் விட, போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தலைக்குச் சீயக்காய் தேய்க்கும்போது விழுந்தார். சீயக்காய் தேய்க்கும்போது நாம் எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொள்வோம். முதல் தடவை விழுந்தது கரண்ட் போன இருட்டில். ஆக, இரண்டு முறையும் அம்மாவிடம் இல்லாமல் போனது ஒன்றேதான்: பார்வை.

முகம் கழுவும்போது கண்ணை மூடியதும் தள்ளாடுகிறாரா என்று அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர்கள் தனியாகவே கேட்பார்கள். இதன் பின்னால் ஒரு பழைய கவனிப்பு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர், சில நோயாளிகள் கண் திறந்திருக்கும்வரை நன்றாக நிற்பதையும், கண்ணை மூடிய நொடியில் சாய்வதையும் எழுதி வைத்தார். காலைச் சேர்த்துவைத்து, கண்ணை மூடி நிற்கச் சொல்கிற அந்தப் பரிசோதனை இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

நிமிர்ந்து நிற்க நம் உடம்பு மூன்று இடங்களில் இருந்து செய்தி வாங்குகிறது. கண் ஒன்று, உள்காது ஒன்று. மூன்றாவது பாதமும் கணுக்காலும். தரை எப்படி இருக்கிறது, எடை எந்தப் பக்கம் போகிறது, கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தோலும் தசையும் மூட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் ஒன்று மெல்ல மெல்லக் குறைந்தால் மற்ற இரண்டும் அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் அம்மாவுக்குப் பாதத்தில் இருந்து வரும் செய்தி குறைந்துபோய், அந்த வேலையைப் பல வருடமாகக் கண்தான் பார்த்துவருகிறது என்று நினைக்கிறேன். செருப்பு கழன்று போனது தெரியாததும் அதையே சொல்கிறது. 16 வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போவது நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம்.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம். மூளையையும் காதையும் பார்த்தார்கள், சரி. பாதத்தை யாரும் தொட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். 10 கிராம் அழுத்தம் தருகிற நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை. சர்க்கரை நோய்க்கான மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்வதுதான், கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை. இதை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவின் மாத்திரையில் மெட்ஃபார்மின் இருக்கும் என்றே நினைக்கிறேன். அதை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். வீட்டில் சைவச் சாப்பாடு என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். பி12 குறைந்தாலும் பாதம் மரக்கும், தள்ளாட்டம் வரும், எல்லாமே சர்க்கரையால் வந்தது போலத் தோன்றும். வித்தியாசம் என்னவென்றால், பி12 குறைவை ஊசியிலோ மாத்திரையிலோ ஈடுகட்டலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பும் ஓரளவு மீளும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று கழுத்து. மூளை ஸ்கேனில் கழுத்துத் தண்டுவடத்தின் பெரும்பகுதி வராது. அங்கே எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தினாலும் இதே போலக் காலை அகட்டி நடப்பார்கள். ரவிக்கை ஹூக் மாட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, தரையில் கிடக்கிற காசைப் பொறுக்குவது போன்ற விரல் வேலைகள் சமீபத்தில் கடினமாகியிருந்தால், டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், ராத்திரி எழுந்ததும் வந்த தடுமாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மணிக்கட்டு விரிசலை விழுந்ததால் வந்தது என்று விட்டுவிடாமல் எலும்பின் அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, சில நாட்களிலேயே நடை மளமளவென்று மோசமானாலோ, நடையோடு சேர்ந்து சிறுநீர் கட்டுப்பாடும் போனாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, இப்போது அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் பயம் எனக்குப் புரிகிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ராத்திரி வருகிற ஒவ்வொரு போனும் பயம்தான். ஆனால் கட்டிலில் உட்கார வைப்பது அம்மாவைக் காப்பாற்றாது. ஏன் என்று சொல்ல, நடை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கத்து ஊர்ப் பொம்மையையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் சாய்ந்து, ஆடி, தானே நிமிர்ந்துவிடும். எடை முழுக்க அடியில், அடியும் அகலம். நம் உடம்பு இதற்கு நேர் எதிர். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மனித நடையை ஆராய்ந்த டேவிட் வின்டர் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: நம் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, நம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே இருக்கிறது. தலை, கை, உடல் எல்லாம் மேலே. கீழே தாங்குவது இரண்டு பாதம். அதுவும் நிற்கும்போதுதான் இரண்டு. நடக்கும்போது சுமார் 80 சதவீத நேரம் நாம் ஒற்றைக் காலில் இருக்கிறோம். இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருப்பது 20 சதவீத நேரம்தான்.

அந்த ஒற்றைக்கால் நேரத்திலும் உடலின் எடைமையம் ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே இருப்பதில்லை. பாதத்தின் உள்பக்க ஓரத்தையும் தாண்டி, உள்ளேயே கடந்து போகிறது. அதாவது ஒவ்வோர் அடியிலும் நாம் உள்பக்கமாக விழ ஆரம்பிக்கிறோம். அடுத்த பாதம் வந்து பிடிக்கிறது. பிடித்ததும் அடுத்த பக்கம் விழ ஆரம்பிக்கிறோம். வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசலுக்குப் போவதற்குள் உங்கள் அம்மா சில நூறு தடவை விழுந்து, சில நூறு தடவை தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறார். நடப்பது என்றாலே அதுதான்.

முன்னும் பின்னுமாக விழுவதைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. 1990-இல் டாட் மெக்கீர் என்ற பொறியாளர் மோட்டாரும் கம்ப்யூட்டரும் இல்லாத, வெறும் கால்கள் மட்டும் கொண்ட ஓர் இயந்திரம் லேசான சரிவில் தானாகவே நடந்து இறங்கும் என்று காட்டினார். முன்னோக்கிய நடையைப் பெரும்பாலும் காலின் ஊசலாட்டமே பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டுச் சாய்வுதான் சிக்கல். 2000-இல் பாபி, குவோ என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களைக் கண் திறந்தும் மூடியும் நடக்கவிட்டு அளந்தார்கள். கண்ணை மூடியபோது முன்பின் அடியின் தாறுமாறு கொஞ்சம்தான் கூடியது. பக்கவாட்டில் அது அதைவிடத் தெளிவாகக் கூடியது. பக்கவாட்டு நிலையை ஒவ்வோர் அடியிலும் மூளை பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது, அதற்குச் செய்தி வேண்டும். உங்கள் அம்மா குளியலறையில் பக்கவாட்டில் சாய்ந்தார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

வயதானவர்கள் தடுக்கி விழுவதுதான் அதிகம் என்றே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். விழுந்தவரைக் கேட்டாலும் "ஏதோ தடுக்கிடுச்சு" என்றுதான் சொல்வார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ராபினோவிச் குழுவினர் இரண்டு முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை நொடி நொடியாகப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். தடுக்கியதால் விழுந்தது 21 சதவீதம். எடையைத் தவறாக மாற்றியதால் விழுந்தது 41 சதவீதம். திரும்பும்போது, எழும்போது, நின்ற இடத்தில் கை நீட்டும்போது, உடலின் எடை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்குப் போகிற வழியில் தப்பிவிடுகிறது. இந்த எடை மாற்றத்தைப் பழகப் பழகத்தான் கை வரும். கட்டிலில் உட்கார்ந்தால் இருக்கிற பழக்கமும் போய்விடும், தொடைத் தசையும் கரையும். ஆறு மாதம் கழித்து அம்மா கட்டிலை விட்டு இறங்கித்தானே ஆக வேண்டும், குறைந்தது கழிப்பறைக்காவது? அன்றைக்கு விழுவது நிச்சயம் போலத்தான்.

காலை அகட்டி வைத்து, சின்ன அடியாக நடப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டொராண்டோவில் பிரையன் மாக்கி 1997-இல் வெளியிட்ட ஆய்வை நான் நோயாளிகளின் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வதுண்டு. மெதுவான நடையும் குறுகிய அடியும் பயத்தின் அடையாளங்கள். பின்னால் யார் விழுவார் என்பதை அவை அவ்வளவாகச் சொல்லவில்லை. அடிக்கு அடி மாறுகிற ஒழுங்கின்மைதான் அதைச் சொன்னது. காலை அகட்டி வைத்தால் உறுதி என்று நாம் நினைக்கிறோம். அகலமாக வைத்து நடந்தவர்களே அதிகம் விழுந்தார்கள் என்று அந்த ஆய்வில் வந்தது. ஆகவே "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வராதீர்கள். சீரான அடிதான் வேண்டும். அவருக்குப் பிடித்த ஏதாவது பாட்டின் தாளத்துக்கு நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் நடக்கும்போது அவரோடு பேசாதீர்கள். பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறார் என்று நீங்கள் கவனித்ததை, 1997-இல் ஸ்வீடனில் ஒரு குழு ஆய்வாகவே செய்தது. முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்தில் விழுந்தார்கள். நடை தானாக நடக்கிற நிலை போய், கவனம் முழுவதையும் கேட்கிற வேலையாகிவிட்டது என்பதன் அடையாளம் அது. அம்மா நிற்பது நல்லதுதான்; நின்று பதில் சொல்லட்டும். நடந்துகொண்டே போன் பேசுவதுதான் கூடாது.

இப்போது அந்த விரல். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அம்மா சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை, தொடுகிறார் என்று நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள். 1994-இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெகா, லாக்னர் இருவரும் ஆட்களை ஒற்றைக் கோட்டில் கால் வைத்து நிற்கவிட்டு, ஒரு விரல் நுனியை மட்டும் ஒரு தகட்டின் மேல் வைக்கச் சொன்னார்கள். அழுத்தம் நூறு கிராமுக்கும் குறைவு. இரண்டு எலுமிச்சம்பழத்தின் எடை கூட இல்லாத அந்த அழுத்தம் ஒருவரைத் தாங்கிப் பிடிக்காது. இருந்தும் உடலின் ஆட்டம் பெரிய அளவில் குறைந்தது, கண்ணை மூடியிருந்தபோதும் கூட. விரல் அங்கே தாங்கவில்லை, செய்தி சொல்கிறது. பாதம் சொல்லாததை விரல் சொல்கிறது. உங்கள் அம்மா யாரும் சொல்லித்தராமல், பாதத்துக்குப் பதிலாக விரலை வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டார். "சுவரைத் தொடாமல் நட" என்று யாரும் அதட்ட வேண்டாம்.

கைத்தடியும் இதே விரலின் நீட்சிதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்சன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கத்தையே செய்து பார்த்தது போல இருக்கும். பாத நரம்பு பாதித்தவர்களை மேடுபள்ளமான பரப்பில், மங்கிய வெளிச்சத்தில் நடக்கவிட்டார்கள். தடி ஊன்றியபோதும், சுவரைத் தொட்டுக்கொண்டபோதும், கணுக்காலுக்குப் பட்டை கட்டியபோதும் அவர்கள் நடை சீரானது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: தடி எடை தாங்குவதற்கு இல்லை, தரையைத் தொட்டுப் பார்ப்பதற்கு. சுவர் இல்லாத இடத்தில் அவர் விரலுக்கு அதுதான் சுவர். வீட்டுக்குள் வேண்டாம், தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். செருப்பு போட்டு, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரம் இருக்கட்டும். ஒரு பக்கம் வலி இருந்தால் அதற்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். அப்படி இல்லாததால் விரிசல் ஆறும்வரை நல்ல கையில் பிடிக்கட்டும். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள், தேய்ந்த புஷ் ஈரக் கல்லில் வழுக்கும்.

வாக்கர் விஷயத்தில் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. நிலைப்படிக்கு நிலைப்படி அதைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்குகிற அந்த நொடியில் இரண்டு கையும் காற்றில் இருக்கும். தவிர, பக்கவாட்டில் சாயும்போது கால் சட்டென்று ஓர் அடி வெளியே போனால்தான் பிழைக்கலாம், அந்தக் கால் வாக்கரின் காலில் இடிக்கிறது. இதையும் மாக்கி குழுவினர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முட்டி, இடுப்பு வலிக்கு வாக்கர் அருமையான பொருள். உங்கள் அம்மாவுக்கு, உங்கள் வீட்டில், இப்போது வேண்டாம்.

கம்ப்யூட்டர் நடைப் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். நானே அப்படி ஓர் ஆய்வுக்கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். உடம்பில் முக்கிய எலும்புகளின் மேல் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டுவோம். சுற்றிலும் அகச்சிவப்பு கேமராக்கள் அவற்றைப் பின்தொடரும். தரையில் பதித்த தகடு, பாதம் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு எந்தத் தசையை நீட்டிவிடுவது என்று அறுவை மருத்துவர் முடிவெடுக்கவும், செயற்கைக் காலைச் சரிசெய்யவும் அதற்கு ஈடே இல்லை. ஆனால் புடவை கட்டிய பெண்களுக்கு உருண்டை ஒட்ட முடியாது. ஒரு பாட்டியைப் பேரனின் அரைக்கால் சட்டை போல ஒன்றைப் போடவைத்து, கூச்சத்தில் குறுகி நின்றவரை நடக்கச் சொன்னோம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து, அழகாக நடந்தார். வரைபடங்கள் எல்லாம் நன்றாகவே வந்தன. புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, மங்கலான நடைபாதையில் லிஃப்டை நோக்கிப் போனபோது, அவர் விரல் சுவருக்குப் போனது. அந்த விரலைப் பார்த்துத்தான் அவர் பிரச்சினை என்ன என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பணத்தைக் குளியலறைக்குச் செலவு செய்யுங்கள். நடையை அளக்க ஒரு நாற்காலியும் போனில் உள்ள கடிகாரமும் போதும். நாற்காலியில் இருந்து 3 மீட்டரில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். மாதம் ஒரு முறை அளந்து, தினசரி காலண்டர் தாளின் பின்னால் குறித்து வையுங்கள்.

குளியலறையில் முதல் வேலை, நாலு காலும் உறுதியான ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தே குளிக்கட்டும், முக்கியமாகத் தலைக்குக் குளிக்கும்போது. கண்ணை மூடினாலும் உட்கார்ந்திருப்பவர் விழமாட்டார். சுவரில் துளைபோட்டுப் பதித்த கைப்பிடி ஒன்று. துண்டு போடுகிற கம்பியை யாரும் கைப்பிடியாக நம்ப வேண்டாம், அது கையோடு வந்துவிடும். படுக்கையில் இருந்து கொல்லைப்பக்கம் வரை ராத்திரி முழுக்க ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கரண்ட் போனால் தானே எரிகிற எமர்ஜென்சி விளக்கும் அந்த வழியில் ஒன்று வேண்டும். கண்ணாடி போடுகிறார் என்றால், தூரம் கிட்டம் இரண்டும் சேர்ந்த கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் தரை மங்கலாகத் தெரியும். படி இறங்கும்போதும் தெருவிலும் தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி நல்லது.

நிலைப்படிகளைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நான் பயப்படவில்லை. உயரமான நிலைப்படி கண்ணுக்குத் தெரியும், மனசும் தயாராகும். நடக்கும்போது கால் முன்னே வீசப்படுகிற நடுவேளையில் விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் இடைவெளி. கால் அதிவேகமாகப் போவதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். அதனால் மடங்கிய மிதியடி, சார்ஜர் வயர், லேசாகத் தூக்கிய டைல்ஸ் ஓரம், இவைதான் எதிரிகள். நிலைப்படிக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விடாமல் செய்யுங்கள். அரையிருட்டிலும் விளிம்பு பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டை.

செருப்பு. ஹவாய் செருப்பு வேண்டாம். அதை விரலால் கவ்விப் பிடித்துத்தான் நடக்க வேண்டும், மரத்த விரல் கவ்வாது. குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு நம் ஊரிலேயே கிடைக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வேலூர்க் கதை உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் நோயால் அழுகுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அடிபட்டுத்தான் அழிகிறது என்று கண்டுகொண்டார். மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த வேலையில் இருந்து வந்தது. பின்னால் அவர் அமெரிக்கா போனபோது இதே பாடத்தைச் சர்க்கரைப் பாதங்களுக்கும் சொன்னார். உள்ளே மெத்தென்றும், அடிப்பாகம் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பஞ்சு போல அமுங்குகிற தடித்த அடிப்பாகம் தள்ளாட்டத்தைக் கூட்டும். வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரத்த பாதத்துக்கு முள்ளும் தெரியாது, சூடும் தெரியாது.

பயிற்சி கட்டாயம். ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்து ஆரம்பித்துவைப்பது நல்லது. பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை வேண்டாம். இடம், சமையல் மேடை. மேடையைப் பார்த்து நின்று, முதலில் உள்ளங்கை இரண்டையும் அதன்மேல் வைத்து, எடையை இடது காலுக்கு, மெல்ல வலது காலுக்கு என்று மாற்றட்டும். பிறகு மேடை ஓரமாகவே பக்கவாட்டில் அடி வைத்துப் போய், திரும்பி வரட்டும். குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும், முடிந்தவரை பத்து முறை. ஒரு மணையை முன்னால் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு காலாகத் தட்டி எடுக்கட்டும். ஒரு வாரம் சுலபமாகப் போனால் உள்ளங்கைக்குப் பதில் இரண்டு விரல், அப்புறம் ஒரு விரல், அப்புறம் விரல் மேடைக்கு ஒரு அங்குலம் மேலே. பயிற்சி என்றால் கொஞ்சம் தள்ளாட வேண்டும். தள்ளாட்டமே இல்லாவிட்டால் உடம்புக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால்தான் முன்னால் மேடை, பின்னால் நீங்கள். கண்ணை மூடிச் செய்கிற எதையும் வீட்டில் செய்யவேண்டாம்.

வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரமாவது வரட்டும். 2019-இல் 108 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைத்தது. சமநிலையைச் சோதிக்கிற பயிற்சிகள்தான் அதில் முக்கியம். வெறும் நடை மட்டும் போதாது. மரத்துப்போன நரம்பு பயிற்சியால் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். மிச்சம் இருக்கிற செய்தியை வைத்துக்கொண்டு வேகமாகப் பிடிக்க உடம்பு கற்றுக்கொள்ளும். அதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கூட நடக்கும்போது அவர் புஜத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அவர் சாயும்போது நீங்கள் இழுத்தால் இரண்டு பேரும் விழுவீர்கள். பக்கத்தில் அரை அடி பின்னால் நின்று, உங்கள் முன்கையை நீட்டுங்கள். அவர் விரல்கள் அதன்மேல் இருக்கட்டும், சுவரின்மேல் இருப்பது போல.

பரிசோதனைகள் முடிந்து, மேடைப் பயிற்சி ஒரு மாதம் ஆனதும், முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். வெயில் இறங்கி, கல்லின் சூடு தணிந்த பிறகு, விளக்கு போட்டிருக்கிற நேரத்தில், கூட்டமில்லாத கிழமையில். செருப்பை வாசலில் விட்டதும் பாதம் தனியாகிவிடும், அங்கே இருந்து தடியும் உங்கள் முன்கையும்தான். பிரகாரத்தின் சுவர் ஓரமாகவே ஒரு சுற்று வரட்டும். பேசாமல் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள், கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று. பி12 முடிவும் அந்த 3 மீட்டர் கணக்கும் வந்ததும் எழுதுங்கள்.